மலையில் விளையும் மருந்து

வத்தல்மலையில் ஒரு மருந்து செடியில் காய்த்துத் தொங்குகிறது. மூலிகைக் கதைகளுக்கு நம் மலைகளில் பஞ்சமில்லை. இது அந்தக் கதை அல்ல. காப்பியைத்தான் சொல்கிறேன். தர்மபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் போய், இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால், ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. சாமையும் கேழ்வரகும் விளைந்த அந்த மண்ணில் இன்று சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடி நிற்கிறது. அதே மரத்தைப் பற்றிக்கொண்டு மிளகுக் கொடி ஏறுகிறது. பக்கத்துச் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன்.

சிவந்து பழுக்கும் அந்தப் பழத்துக்குள் இருக்கும் கொட்டையில், அராபிகா வகையானால் எடையில் ஏறக்குறைய 1.2 சதவீதம், ரொபஸ்டாவானால் அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கேஃபீன் இருக்கிறது. செடி அதைத் தயாரிப்பது நம்மை எழுப்புவதற்காக அல்ல, பூச்சிகளை அண்டவிடாமல் இருப்பதற்காக. நம் உடலுக்குள் போனதும் அதே பொருள் உடலின் வேலையை மாற்றுகிறது. உடலின் இயக்கத்தை மாற்றும் நோக்கத்தோடு உள்ளே செலுத்தப்படும் எந்தப் பொருளும் மருந்தியலின் கணக்கில் மருந்துதான். அது மாத்திரையாக அட்டையில் வந்தாலும் சரி, டம்ளரில் நுரையோடு வந்தாலும் சரி.

செவிலியர், மருந்தாளுநர் படிப்பில் சேரும் மாணவர்களை முதல் ஆண்டிலேயே மிரட்டிவிடுவது மருந்தியலின் கலைச்சொற்கள். வரையறைகளை வரிசையாக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். எந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு சொல் பிறந்தது என்று தெரியாவிட்டால் அது மனதில் நிற்காது. வத்தல்மலையில் இருந்து இறங்கும் காப்பியையும், அதே பாதையில் எதிர்த்திசையில் ஏறி வரும் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரைகளையும் வைத்துக்கொண்டால் அந்தச் சொற்களில் பெரும்பாலானவற்றைப் பார்த்துவிடலாம்.

மாத்திரைகள் ஏறி வரும் கதை அண்மைக்காலத்தது. சாலை சரியாக இல்லாத நாட்களில் இந்த மலைக்காரர்களுக்கு மாதாமாதம் மருந்து வாங்குவது என்பதே ஒரு நாள் கூலியை இழக்கும் வேலை. 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு, இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மருந்துகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது மாநிலம் முழுவதும் அரசின் வேலையாயிற்று.

முதலில் பெயர்கள். காப்பியில் இருக்கும் பொருளுக்கு 1,3,7-ட்ரைமெத்தில்சாந்தீன் என்பது வேதிப்பெயர்; மூலக்கூறு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை அது சொல்கிறது. கேஃபீன் என்பது பொதுப்பெயர், அதாவது ஜெனரிக் பெயர். சாரிடான் அட்டையைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்தால், ப்ரோபிஃபெனசோன், பாரசிட்டமால் இரண்டோடு 50 மில்லிகிராம் கேஃபீனும் இருப்பது தெரியும். சாரிடான் என்பது வணிகப்பெயர். இப்படிக் குறித்த அளவுகளில் பல மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்ப்பது ஃபிக்சட் டோஸ் காம்பினேஷன்.

பொதுப்பெயர்களை உலகம் முழுவதும் ஒரே மாதிரி வைக்க உலக சுகாதார நிறுவனம் 1950இல் முடிவெடுத்து, 1953இல் முதல் பட்டியலை வெளியிட்டது. அந்தப் பெயர்களின் வாலைக் கவனித்தால் குலம் தெரியும். 'ஓலால்' என்று முடிந்தால் பீட்டா தடுப்பி: அட்டினோலால், மெட்டோப்ரோலால். 'டிபின்' என்று முடிந்தால் இரத்தக்குழாயைத் தளர்த்தும் கால்சியம் தடுப்பி: அம்லோடிபின், நிஃபெடிபின். 'ப்ரில்' என்று முடிந்தால் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் இன்னொரு வகை: எனலாப்ரில், கேப்டோப்ரில். நூற்றுக்கணக்கான மருந்துகளைத் தனித்தனியே நெட்டுருப் போடுவதைவிடப் பத்துப் பதினைந்து வால்களைத் தெரிந்துகொள்வது புத்திசாலித்தனம்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் உருவானது முதல் அரசு மருத்துவமனைகளுக்குப் பொதுப்பெயரில்தான் மருந்து வாங்குகிறது. இதில் ஒரு கண்ணி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையம் கொடுத்த அம்லோடிபின் அட்டை வீட்டில் இருக்கும். ஊருக்குள் போனபோது தனியார் கிளினிக்கில் எழுதிக் கொடுத்த வேறொரு பெயர் அட்டையும் இருக்கும். இரண்டும் ஒன்றே என்று தெரியாமல் இரண்டையும் விழுங்கிவிட்டு, கால் வீங்குகிறது, தலை சுற்றுகிறது என்று வருவார்கள். சின்ன எழுத்தைப் படிக்கும் பழக்கமுள்ள ஒரு நர்ஸம்மா இருந்தால் அரை நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

இனி டம்ளருக்கு வருவோம். ஒரு டம்ளர் காப்பியில் எவ்வளவு கேஃபீன்? இந்தக் கேள்விக்கே ஒழுங்கான பதில் கிடையாது. கடைத்தூளில் சிக்கரி கலந்திருக்கும். இந்தியாவில் காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதம் இருந்தாலே போதும் என்பது விதி. சிக்கரியில் கேஃபீன் கிடையாது. டிகாக்‌ஷன் திக்கா, தண்ணியா என்பதும் சேர்ந்துவிட்டால் அளவு ஆளுக்கு ஆள், கடைக்குக் கடை மாறும். மாத்திரை என்ற வடிவம் எதற்கு வந்தது என்பதற்கு இதுவே விடை. 5 மில்லிகிராம் என்று அட்டையில் போட்டிருந்தால் உள்ளே 5 மில்லிகிராம் இருந்தாக வேண்டும். கணக்குக்காக நம் டம்ளரில் 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேளைக்குக் கொடுக்கும் அந்த அளவுதான் டோஸ்.

குடித்த கேஃபீனை உடல் என்ன செய்கிறது என்று கேட்பது பார்மகோகைனெடிக்ஸ். கேஃபீன் உடலை என்ன செய்கிறது என்று கேட்பது பார்மகோடைனமிக்ஸ். மருந்தியல் முழுவதும் இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும்.

முதல் கேள்விக்கு நான்கு கட்டங்கள்: உறிஞ்சுதல், பரவல், வளர்சிதை மாற்றம், வெளியேற்றம். கேஃபீன் உறிஞ்சப்படுவதில் சிக்கலே இல்லை. முக்கால் மணி நேரத்துக்குள் குடலிலிருந்து ஏறக்குறைய முழுவதும் இரத்தத்துக்குப் போய்விடுகிறது. வாய்வழி கொடுத்ததில் எத்தனை பங்கு மாறாமல் பொது இரத்த ஓட்டத்தை எட்டுகிறது என்பதற்கு உயிர்க்கிடைப்பு என்று பெயர். கேஃபீனுக்கு அது கிட்டத்தட்ட 100 சதவீதம். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினுக்கு 50 முதல் 60 சதவீதம்தான். மீதி குடலோடு போய்விடும். அது தெரிந்துதான் 500, 1000 என்று பெரிய அளவில் கொடுக்கிறார்கள்.

குடலில் உறிஞ்சப்பட்டது எல்லாம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. முதலில் கல்லீரலுக்குப் போகிறது. சில மருந்துகளை அங்கேயே கல்லீரல் பெருமளவு சிதைத்துவிடும். இதுதான் முதல் கடப்பு விளைவு. நெஞ்சுவலிக்காரர்களுக்குச் சார்பிட்ரேட் மாத்திரையை விழுங்கச் சொல்லாமல் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வது இதனால். நாக்கடி இரத்தக்குழாய்கள் கல்லீரலைத் தொடாமல் நேரே இதயத்துக்குப் போகின்றன. அவசரத்தில் வேகமும் கிடைக்கிறது. மாத்திரையை எந்த வழியில் கொடுக்கிறோம் என்பது மருந்துச் சீட்டில் எழுதப்படும் சடங்கல்ல.

பரவலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேஃபீன் நீரிலும் கொழுப்பிலும் கரைவதால் உடலெங்கும் போகிறது, மூளையைக் காக்கும் இரத்தத் தடுப்பையும், நஞ்சுக்கொடியையும் தாண்டுகிறது, தாய்ப்பாலிலும் இறங்குகிறது. கடைசிச் செய்தியைப் பிறகு பயன்படுத்துவோம்.

கல்லீரலில் சிஒய்பி1ஏ2 என்ற நொதி கேஃபீனை உடைத்து, பெரும்பகுதியைப் பாராசாந்தீன் என்ற பொருளாக மாற்றுகிறது. அதற்கும் விழிப்பூட்டும் குணம் உண்டு. செயல்படும் வளர்சிதைப்பொருள் என்பது இது. இதன் மறுபக்கம் எனலாப்ரில். விழுங்கும்போது அது வேலை செய்யாத பொருள். கல்லீரல் அதை எனலாப்ரிலாட் ஆக மாற்றிய பிறகே அழுத்தத்தைக் குறைக்கிறது. உடலுக்குள் போய்ச் செயல் பெறும் இந்த வகைக்கு ப்ரோட்ரக் என்று பெயர். மெட்ஃபார்மினோ கல்லீரலில் மாறுவதே இல்லை. உள்ளே போனபடியே சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகம் கெட்டுப்போன நீரிழிவு நோயாளிக்கு அதை நிறுத்தச் சொல்வது இந்த ஒரு காரணத்துக்காக.

இப்போது இந்த அத்தியாயத்தின் நடுப்பகுதிக்கு வருகிறோம். மருந்தியல் பாடத்தில் ஒரே ஒரு சொல்லைத்தான் மலைக்கு எடுத்துப் போகலாம் என்றால், நான் அரை ஆயுட்காலத்தை எடுத்துப் போவேன். இரத்தத்தில் உள்ள மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம் அது. கேஃபீனுக்குச் சராசரியாக 5 மணி நேரம்.

காலை 7 மணிக்கு 100 மில்லிகிராம். பகல் 12 மணிக்கு 50. மாலை 5 மணிக்கு 25. அப்போது இன்னொரு டம்ளர் குடித்தால் 125. இரவு 10 மணிக்குப் படுக்கும்போது 62.5. தூக்கம் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

அதே வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் அதே நேரங்களில் அதே இரண்டு டம்ளரைக் குடிக்கிறார். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அந்தக் கல்லீரல் நொதியின் வேகம் குறைந்துவிடும். கேஃபீனின் அரை ஆயுட்காலம் 15 மணி நேரம் வரை நீளலாம். அப்படி நீண்டால் காலையில் குடித்ததில் இரவு 10 மணிக்கும் பாதி, 50 மில்லிகிராம், மிச்சமிருக்கிறது. மாலையில் குடித்ததில் ஏறக்குறைய 79. மொத்தம் 129 மில்லிகிராம். இரண்டு டம்ளர் குடித்தவர் ஒன்றேகால் டம்ளரை உடம்பில் வைத்துக்கொண்டு படுக்கப் போகிறார். அது நஞ்சுக்கொடியையும் தாண்டுகிறது. கர்ப்பிணிகள் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்னதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்கலாம்.

பீடி பிடிப்பவர் உடம்பில் நடப்பது நேர் எதிர். புகையில் உள்ள சில வேதிப்பொருட்கள் அதே நொதியை அதிகம் உருவாக்க வைக்கின்றன. நிகோட்டினுக்கு இதில் பங்கில்லை. நொதித் தூண்டல் என்பது இது. கேஃபீன் சீக்கிரம் தீர்ந்துவிடும். அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பீடியை நிறுத்தி, காப்பியை மட்டும் பழைய கணக்கில் குடித்தால், சில நாட்களில் படபடப்பும் தூக்கமின்மையும் வரும். வார்டில் இதை நோயின் அறிகுறி என்று எழுதிவிட வாய்ப்பு அதிகம். சிப்ரோஃப்ளாக்சாசின் என்ற ஆன்டிபயாட்டிக் அந்த நொதியைத் தடுக்கிறது. அது நொதித் தடுப்பு. அந்த மாத்திரையோடு நாலு டம்ளர் காப்பி குடிப்பவருக்கும் இதே படபடப்பு வரும். மருந்துகளின் ஊடாட்டம் என்ற தலைப்பில் இருக்கும் நீண்ட அட்டவணைகளில் பாதிக்கு மேல் இந்தத் தூண்டலும் தடுப்பும்தான்.

இனி மேலே ஏறி வரும் மாத்திரைக்கு இதே அளவுகோல். அம்லோடிபினின் அரை ஆயுட்காலம் 30 முதல் 50 மணி நேரம். தினம் ஒரு மாத்திரை போட்டு வந்தால், முந்தைய நாள் மிச்சத்தின் மேல் அடுத்தது சேர்ந்து, சேர்ந்து, ஒரு கட்டத்தில் உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகும். நிலைத்த நிலை என்று சொல்லப்படும் அந்தக் கட்டத்தை எட்ட ஏறக்குறைய 5 அரை ஆயுட்காலம் ஆகும். அம்லோடிபினுக்கு அது ஒரு வாரத்துக்கு மேல். "மூணு நாளா போடறேன், பிரஷர் எறங்கவே இல்ல" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதில் இருக்கிறது: "இன்னும் ஒரு வாரம் விடாம போடும்மா, அப்புறம் பாக்கலாம்."

ஒரு நாள் மறந்துவிட்டால்? 40 மணி நேரம் என்று எடுத்துக்கொண்டால், கடைசி மாத்திரை போட்ட 48 மணி நேரம் கழித்தும் இரத்தத்தில் அதன் அளவில் ஏறக்குறைய 44 சதவீதம் மிச்சமிருக்கும். இதே இடத்தில் கேப்டோப்ரில் என்ற மாத்திரையை வையுங்கள். அதன் அரை ஆயுட்காலம் சுமார் 2 மணி நேரம். 24 மணி நேரத்தில் 12 அரை ஆயுட்காலங்கள் கடந்துவிடும். மிஞ்சுவது 4096இல் ஒரு பங்கு. ஒரு வேளை தவறினால் எதுவும் இல்லை.

ஒரு மருந்து இப்படித் தவறிய வேளையைத் தாங்குவதற்கு மருந்தியலில் மன்னிப்பு என்றே ஒரு சொல் உண்டு. பாடப்புத்தகங்கள் அதற்குக் கால் பக்கம்கூட ஒதுக்குவதில்லை. நகரத்தில் மருந்துக்கடை தெருமுனையில் இருப்பவருக்கு அது பெரிதில்லை. மழையில் பாதை வழுக்கும் நாளில், மிளகு பறிக்கும் பருவத்தில் விடியுமுன் தோட்டத்துக்குப் போகிற வீட்டில், மருந்து தீர்ந்த மறுநாளே புது அட்டை கைக்கு வராத ஊரில், எந்த மருந்து மன்னிக்கும் என்பது எந்த மருந்து நல்லது என்ற கேள்விக்குச் சமமான கேள்வி. மாவட்ட அளவில் மருந்துகளைத் தேர்வு செய்பவர்கள் விலையோடு இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

சீட்டில் எழுதும் ஓ.டி., பி.டி., டி.டி.எஸ். எல்லாம் இந்தக் கணக்கின் சுருக்கம். நாளுக்கு ஒரு முறை, இரு முறை, மும்முறை. எச்.எஸ். படுக்கும்போது, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும், ஸ்டாட் இப்போதே. காகித உறையில் 1-0-1 என்று எழுதிக் கொடுப்பது பி.டி.யின் தமிழ்நாட்டு வடிவம். பாரசிட்டமாலின் அரை ஆயுட்காலம் 2 முதல் 3 மணி நேரம். காய்ச்சலுக்கு அதை ஓ.டி. எழுத முடியாது.

அரை ஆயுட்காலத்தின் இரு எல்லைகளையும் பார்த்துவிட்டு நகர்வோம். இதயம் திடீரென்று மிக விரைந்து துடிக்கும் ஒருவகைக் கோளாறுக்கு அடினோசின் ஊசி போடுவார்கள். அதன் அரை ஆயுட்காலம் 10 விநாடிக்கும் குறைவு. மெதுவாகச் செலுத்தினால் இதயத்தை எட்டுமுன் தீர்ந்துவிடும் என்பதால் 6 மில்லிகிராமை ஒரே மூச்சில் தள்ளி, பின்னாலேயே உப்புநீரையும் தள்ளுகிறார்கள். மறு எல்லையில், குறைமாதத்தில் பிறந்த சிசுவின் உடலில் கேஃபீன். அங்கே அரை ஆயுட்காலம் 100 மணி நேரத்தை ஒட்டி இருக்கும். அந்தக் கல்லீரல் இன்னும் வேலை பழகவில்லை. தாய்ப்பாலில் இறங்கும் கேஃபீன் பச்சிளங்குழந்தையின் உடலில் தங்கித் தங்கிச் சேர்வதற்குக் காரணம் இதுதான்.

அடினோசினை நான் சும்மா இழுக்கவில்லை. கேஃபீன் செயல்படும் இடமே அதுதான். விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே போகிறது. நரம்பணுக்களின் மேல் அதற்கென்றே அமைந்த ஏற்பிகளில், அதாவது ரிசப்டர்களில், அது போய் அமர்ந்தால் அணு மந்தமாகும். நமக்குக் கொட்டாவி வரும். ஏற்பியில் அமர்ந்து அதை இயங்க வைக்கும் பொருள் அகோனிஸ்ட். கேஃபீனின் வடிவம் அடினோசினை ஓரளவு ஒத்தது. அதே இடத்தில் அமரும், ஆனால் எதையும் இயக்காது. அது அன்டகோனிஸ்ட். திருவிழாக் கூட்டத்தில் பேருந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். துண்டு பயணம் செய்யாது, டிக்கெட்டும் எடுக்காது; ஆனால் அது கிடக்கும்வரை வேறொருவர் உட்கார முடியாது. துண்டு போட்டவர்கள் பத்துப் பேர், ஏற வந்தவர்கள் நூறு பேர் என்றால் துண்டுகள் தூக்கி எறியப்படும். போட்டித் தடுப்பு என்ற சொல்லுக்கு அர்த்தம் அவ்வளவுதான். காப்பி குடித்துவிட்டு வந்த இதய நோயாளிக்கு அடினோசின் ஊசி வழக்கமான அளவில் எடுபடாமல் போகலாம், கூடுதல் அளவு தேவைப்படலாம் என்ற எச்சரிக்கையும் இதிலிருந்தே கிளைத்தது.

அணுவின் மேல் இப்படி ஓர் ஏற்கும் பொருள் இருக்க வேண்டும் என்று 1905இல் வாதிட்டவர் கேம்பிரிட்ஜின் லாங்லி. கோழியின் தசையில் நிகோட்டினையும் க்யூராரேயையும் மாற்றி மாற்றி விட்டுப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார். அவருக்கு எண்பத்தாறு ஆண்டுகள் முன்பு, 1819இல், ருங்க என்ற இளம் ஜெர்மானியர் பெல்லடோனாச் சாற்றைப் பூனையின் கண்ணில் விட்டு, பாப்பா விரிவதைக் கவிஞர் கதேவுக்குக் காட்டினார். மகிழ்ந்துபோன கதே கையிலிருந்த காப்பிக் கொட்டைகளைக் கொடுத்து, இதையும் ஆராய்ந்து பாரேன் என்றார். ருங்க அதிலிருந்து கேஃபீனைப் பிரித்தெடுத்தார். பூனையின் கண்ணை விரித்த பொருளும் ஓர் அன்டகோனிஸ்ட் என்று பின்னால்தான் தெரிந்தது.

தினமும் துண்டு போட்டால் உடல் சும்மா இருக்காது. கூடுதல் இருக்கைகளைப் போட்டுக்கொள்கிறது. ஏற்பிகள் அதிகமாக, முதல் நாள் தூக்கி நிறுத்திய ஒரு டம்ளர் பிறகு போதாமல் போகும். இது தாங்குதிறன். திடீரென்று காப்பியை நிறுத்தினால் அத்தனை ஏற்பிகளிலும் அடினோசின் அமர்ந்து, தலைவலியும் சோர்வும் வரும். இது விலகல் விளைவு. உடல் சார்ந்திருப்பதன் அடையாளம். சார்ந்திருப்பதும் அடிமையாவதும் ஒன்றல்ல. அட்டினோலாலைப் பல மாதம் போட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் இதயம் வேகமெடுத்து நெஞ்சுவலிகூட வரலாம். அவரை யாரும் அட்டினோலால் அடிமை என்று சொல்வதில்லை. பீட்டா ஏற்பிகள் பெருகிக் காத்திருந்ததன் விளைவு அது.

இந்த இடத்தில் 'பவர்' என்ற சொல்லையும் தீர்த்துவிட வேண்டும். அஞ்சு பவர் மாத்திரையைவிட அம்பது பவர் மாத்திரை வலுவானது என்ற நம்பிக்கை மலையிலும் உண்டு, சென்னையிலும் உண்டு. 5 மில்லிகிராம் அம்லோடிபின் 50 மில்லிகிராம் அட்டினோலாலைவிட பத்து மடங்கு வலுக்குறைந்தது அல்ல. குறைந்த எடையில் வேலையை முடிக்கிறது, அவ்வளவே. எவ்வளவு சிறிய அளவில் செயல்படுகிறது என்பது வீரியம். அளவை எவ்வளவு ஏற்றினாலும் எட்டக்கூடிய உச்ச விளைவு எவ்வளவு என்பது செயல்திறன். கடும் வலிக்குப் பாரசிட்டமாலை எவ்வளவு ஏற்றினாலும் மார்ஃபினின் உச்சத்தை எட்டாது. நாளுக்கு 4 கிராமைத் தாண்டி ஏற்றினால் கல்லீரல்தான் போகும்.

பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் உள்ள இடைவெளி சிகிச்சை வரம்பு. இதை ஒரே குடும்பத்து இரு மருந்துகளில் பார்க்கலாம். குறைமாதச் சிசுக்கள் சில நேரம் மூச்சு விட மறந்துவிடும். முன்பெல்லாம் அதற்கு தியோஃபிலின் கொடுத்தார்கள். கேஃபீனின் உடன்பிறப்பு போன்ற மூலக்கூறு. அதன் வரம்பு குறுகலானது. சற்று ஏறினாலும் இதயம் பாய்ந்து துடிக்கும், வலிப்பு வரும். அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். கேஃபீனுக்கு ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 5 முதல் 25 மைக்ரோகிராம் வரை பலன் உண்டு. நஞ்சாகும் அளவு 40ஐத் தாண்டித்தான். 2006இல் வெளியான, 2006 சிசுக்களை வைத்து நடத்திய பன்னாட்டு ஆய்வு ஒன்று கேஃபீனின் நன்மையை உறுதிப்படுத்தியது; ஆண்டும் எண்ணிக்கையும் ஒன்றாக அமைந்தது தற்செயல். கேஃபீன் சிட்ரேட் என்ற உப்பாக, முதலில் உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம். நிலைத்த நிலை வரும்வரை காத்திருக்காமல் அளவை உடனே உயர்த்தும் இது லோடிங் டோஸ். பிறகு நாளுக்கு ஒரே முறை கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம்; இது பராமரிப்பு டோஸ். நாளுக்கு ஒரே முறை ஏன் போதும் என்பதை 100 மணி நேரத்தை நினைவில் வைத்திருப்பவர் தாமே சொல்லிவிடுவார். எழுதும்போது சிட்ரேட்டா, வெறும் கேஃபீனா என்று குறிக்காவிட்டால் அளவு இரண்டு மடங்காகிவிடும். சிட்ரேட்டின் எடையில் பாதிதான் கேஃபீன்.

பக்கவிளைவுகளைப் பட்டியலிட இங்கே இடமில்லை. அம்லோடிபினுக்குக் கணுக்கால் வீக்கம், மெட்ஃபார்மினுக்கு வயிற்றுக் கோளாறு, எனலாப்ரிலுக்கு வறட்டு இருமல்: இவை மருந்தின் செயலிலிருந்தே வருபவை, எதிர்பார்க்கக்கூடியவை. ஒவ்வாமை வேறு, அது அந்த ஆளின் நோயெதிர்ப்பு மண்டலத்தின் வேலை. ஒரு மருந்தை ஒருவருக்குக் கொடுக்கவே கூடாது என்று சொல்லும் காரணம் முரண்குறிப்பு. கர்ப்பிணிக்கு எனலாப்ரில் கூடாது. எதிர்பாராத விளைவு எதைக் கண்டாலும் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண் அது. செவிலியரும் அழைக்கலாம், நோயாளியும் அழைக்கலாம்.

எனலாப்ரிலின் பூர்வீகம் ஒரு பாம்பு. பிரேசிலின் ஜராராக்கா விரியன் கடித்தால் இரத்த அழுத்தம் சரிந்துவிடும். அந்த நஞ்சிலிருந்து கிடைத்த துப்பைப் பின்தொடர்ந்துதான் கேப்டோப்ரில் உருவாகி 1981இல் சந்தைக்கு வந்தது. எனலாப்ரில் அதன் தம்பி. நம் பக்கத்துப் பாம்புகளின் நஞ்சோ இன்னொரு மருந்துக்கு மூலப்பொருள். வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றின் நஞ்சைக் கறந்து கொடுக்கிறது. அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்கு ஏற்றி, அவற்றின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புரதங்களைப் பிரித்தெடுத்தால் நச்சுமுறிவு மருந்து.

மருந்தியல் மாணவர்கள் தடுமாறும் இடம் இது. சிசுவுக்குக் கிலோக் கணக்குப் பார்த்துக் கேஃபீன் கொடுத்த கை, பாம்பு கடித்த பத்து வயதுப் பையனுக்கும் பாதி அளவு போதும் என்று கணக்குப் போடப் பார்க்கும். கூடாது. நச்சுமுறிவு மருந்து பையனின் உடலோடு வேலை செய்வதில்லை. உள்ளே இறங்கிய நஞ்சோடு வேலை செய்கிறது. பாம்பு ஆளின் எடை பார்த்து நஞ்சை இறக்குவதில்லை. சின்ன உடம்பில் அதே நஞ்சு இன்னும் கடுமையாகத்தான் பாயும். தேசிய வழிகாட்டுதல்படி முதலில் 8 முதல் 10 குப்பிகள். பெரியவருக்கு எத்தனையோ குழந்தைக்கும் அத்தனை.

2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்தது. உறைநிலையில் உலர்த்திய தூளாக வரும் இந்த நச்சுமுறிவு மருந்துக்குக் குளிர்பதனப் பெட்டி தேவையில்லை. மின்சாரம் போய்ப்போய் வரும் மலையோரச் சுகாதார நிலையத்தின் அலமாரியிலும் கெடாமல் இருக்கும். சிரை வழி நேரே இரத்தத்தில் செலுத்துவதால் உயிர்க்கிடைப்புக் கணக்கும் தேவையில்லை. கடித்ததற்கும் முதல் குப்பி ஏறுவதற்கும் இடையில் எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்த நேரம் மருந்தியல் புத்தகத்தில் இருக்காது. வத்தல்மலைச் சாலையின் வளைவுகளில் இருக்கிறது.